22 ஞாயிறு, ஒரு கைக்கோடரி

கல்லால் விரலை அறுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல். "எதுல அறுத்துக்கிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"கல்லுல சார்."

"கல்லு மேல விழுந்துச்சா?"

"இல்ல சார், அறுத்துச்சு."

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டிடி ஊசிக்குச் சீட்டு எழுதினார். என்னை அறுத்த அந்தக் கல்செதிலை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் அடித்துப் பெயர்த்த முதல் உருப்படியான செதில் அது. சந்தோஷத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் எனக்கு வேலை. டூல் பிட்டுக்குச் சாணை பிடிப்பது, மழுங்கிய டையைச் சரிசெய்வது என்று இருபது வருஷமாக வெட்டும் முனைகளோடுதான் பிழைப்பு. போன வருஷம் மகளின் பள்ளிக்கூட வேலைக்காகப் பூண்டி போனோம். நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கைக்கோடரிகள், அதாவது காம்பு இல்லாமல் கையிலேயே பிடித்து வேலை செய்கிற பழைய கற்காலக் கருவிகள். "அப்பா, சும்மா ஒடஞ்ச கல்லு மாதிரிதானே இருக்கு?" என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஓரத்தைக் குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று மாறி மாறி, கோணம் பார்த்து அடித்திருக்கிறார்கள். முனை தீட்டிப் பிழைக்கிறவனுக்கு அது கண்ணில் படாமல் போகாது. "நான் ஒண்ணு செஞ்சு காட்டறேன் பாரு" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பது என் கணக்கு. 22 ஆனது.

நாங்கள் இருக்கிற திருவள்ளூர் பக்கம் இந்தக் கதைக்கு ரொம்பப் பொருத்தமான இடம். 1863 மே 30-ஆம் தேதி, இந்திய நிலவியல் அளவைத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு அதுதான் தொடக்கம். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே 1999-இலிருந்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தோண்டியதில், அடியில் இருந்த கைக்கோடரிகளுக்குக் குறைந்தது பத்து லட்சம், சராசரியாகப் பதினைந்து லட்சம் வருஷம் வயது என்று 2011-இல் தெரியவந்தது. எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போய்விடக்கூடிய தூரம்.

முதலில் கல்.

என் முதல் தப்பே இங்கேதான். தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த கருங்கல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பல்லாவரத்துக் குன்றில் பார்க்கிற அதே நீலம் பாய்ந்த கருப்புக் கல். ஒரு மணி நேரம் அடித்தேன். மாவு கொட்டியதே தவிர செதில் என்று ஒன்று வரவில்லை. அந்தக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் 1893-இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் வைத்த பெயர். வெவ்வேறு கனிமங்கள் பெரிய பெரிய மணிகளாகச் சேர்ந்து இறுகிய கல் அது. அடித்தால் விரிசல் ஒவ்வொரு மணியிலும் முட்டித் திரும்பி எங்கேயோ போய்ச் செத்துவிடுகிறது. சிற்பத்துக்கு, படிக்கட்டுக்கு, ஜல்லிக்கு அருமையான கல். செதில் எடுக்க மட்டும் உதவாது. ஃபுட் கண்டெடுத்த பல்லாவரத்துக் கருவியும் அந்த ஊர்க் கல்லில் செய்ததில்லை, குவார்ட்சைட்டில் செய்தது. சுற்றிலும் கருங்கல் குன்றாக நிற்க, அதைத் தொடாமல் வேறு கல்லைத் தேர்ந்தவர்களுக்கு என்னைவிட விவரம் அதிகம் என்பது முதல் ஞாயிறே புரிந்துவிட்டது.

குவார்ட்சைட் என்பது மணற்கல் அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகிப்போனது. மணற்கல்லை உடைத்தால் விரிசல் மணலைச் சுற்றிக்கொண்டு போகும். குவார்ட்சைட்டில் மணலையே பிளந்துகொண்டு நேராகப் போகும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஆற்றில் போய்ப் பொறுக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். கூடாது. இந்தப் பகுதியின் சரளையில் நிஜக் கருவிகளே கலந்து கிடக்கின்றன. எனக்குக் கூழாங்கல்லாகத் தெரிவது ஐந்து லட்சம் வருஷத்துக்கு முந்தைய ஒருவரின் கைவேலையாக இருக்கலாம். அதை நான் சுத்தியலாக்கி உடைத்தால் பாவம் மட்டுமில்லை, சட்டப்படியும் சிக்கல். நான் போனது நர்சரிக்கு. தோட்ட அலங்காரத்துக்கு விற்கிற கூழாங்கல் மூட்டை. அதில் எல்லா ரகமும் கலந்திருக்கும். சலவைக்கல்லை உருட்டி வழவழப்பாக்கியும் கலந்துவிடுவார்கள். பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தால் சலவைக்கல்லில் கோடு விழும். குவார்ட்சைட்டில் விழாது, கத்தியின் இரும்புதான் கல்மேல் சாம்பல் கோடாக ஒட்டும். இன்னும் சந்தேகமாக இருந்தால் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒரு சொட்டு. சலவைக்கல் நுரைத்துக்கொண்டு வரும். கடைக்காரர் என்னை மூட்டையைக் கிளற விட்டார். மற்றவர்கள் வெள்ளையாகப் பொறுக்குவார்களாம், நான் பழுப்பாகப் பொறுக்கியதில் அவருக்கு மகிழ்ச்சி.

அடுத்தது காது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் அம்மி கொத்துகிற பெரியவர் ஒருவர். மிக்ஸி வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துபோய், எங்கள் தெருவுக்கு வருஷத்தில் ஒருமுறை எட்டிப்பார்ப்பார். அவர் வேலை வேறு: உளியால் கொத்திப் புள்ளி புள்ளியாகப் பொடித்து எடுப்பது. புதிய கற்காலத்தில் கோடரிகளை இப்படிக் கொத்தித் தேய்த்துத்தான் உருவாக்கினார்கள். சேர்வராயன் மலைப் பக்கம் அந்த வழவழப்பான கோடரிகளை மரத்தடியில் வைத்துக் கும்பிடுகிற வழக்கமும் உண்டு. எனக்குத் தேவைப்பட்டது அதற்கும் மூத்த வேலை. இருந்தாலும் கல்லை அறிந்தவர் கல்லை அறிந்தவர்தானே. என் குவியலைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, தொங்கவிட்ட மாதிரி இரண்டு விரலில் பிடித்துச் சின்னக் கல்லால் தட்டினார். சிலது 'டிங்' என்றது. சிலது 'லொட்' என்றது. லொட்டையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார்.

"இதுங்க உள்ளாற செத்துப் போன கல்லு தம்பி. வெளிய பார்த்தா தெரியாது."

அப்புறம் நான் அடிப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி இம்மாங் கோவம்? சுத்திய விழ விடு. அதுக்குத் தெரியும்."

இந்த இரண்டாவது புத்தி எனக்கு உறைக்க இன்னும் ஏழெட்டு வாரம் பிடித்தது.

எப்படி உடைகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். ஜன்னல் கண்ணாடியில் கோலிக்குண்டு வேகமாகப் பட்டால் பட்ட பக்கம் சின்னப் பொட்டுதான் இருக்கும். மறுபக்கம் அகலமாகக் கூம்பு போலப் பெயர்ந்திருக்கும். அந்தக் கூம்புதான் இந்த வித்தை முழுக்க. கல்லின் நடுவில் அடித்தால் கூம்பு உள்ளே புதைந்து நின்றுவிடும். ஓரத்தில் அடித்தால் கூம்பின் ஒரு பக்கம் மட்டும் கல்லுக்குள் ஓடி, போகிற வழியில் ஒரு பட்டையை உரித்துக்கொண்டு வெளியே வரும். உரிந்து வருவது செதில். மிச்சம் நிற்பது கருக்கல். செதிலின் உட்புறம் அடிபட்ட இடத்துக்குக் கீழே லேசாக ஒரு குமிழ் இருக்கும்; தடவினால் கைக்குத் தட்டுப்படும். தானாக உடைந்த கல்லையும் ஆள் உடைத்த கல்லையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் தேடுகிற அடையாளங்களில் அது முக்கியமானது.

படிக்கும்போது புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை. மூன்றாம் ஞாயிறு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 40 அடி, 3 செதில். மற்ற 37 அடியும் கல்லில் வெள்ளைத் தழும்பாக நின்றன. ஓங்கி அடித்தேன். தோள்பட்டை வலி. இன்னும் ஓங்கி அடித்தேன். சுத்தியல் கல் இரண்டாகப் போனது. வீட்டுக்காரி மொட்டைமாடிக்கு வந்து, "என்னங்க, கல்லு உடைக்கத்தான் டிப்ளமோ படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போட்டாள். கீழ்வீட்டுப் பெரியம்மா பகல் தூக்கம் போகிறதென்று சொல்ல, பின்பக்கம் முருங்கை மரத்தடிக்கு இடம் மாறினேன்.

டிப்ளமோ என்று அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. தொழிற்சாலையில் ஒரு முனை ஒழுங்காக வெட்டவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? வேகத்தைக் கூட்டுவேனா? கோணத்தை அளப்பேன். அடுத்த ஞாயிறு கோணமானியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோற்றுப்போன ஒவ்வொரு இடத்திலும், அடிக்கிற மேல்தளத்துக்கும் செதில் பெயரவேண்டிய பக்கத்துக்கும் நடுவில் எத்தனை டிகிரி என்று அளந்தேன். 95, 100, 110, 92. எல்லாம் தொண்ணூற்றுக்கு மேல். பெயர்ந்து வந்த மூன்று இடத்திலும் 70, 75, 82. எனக்கே வெட்கமாகிவிட்டது. இருபது வருஷமாகச் சோறு போட்ட விஷயத்தைக் கல் என்றதும் மறந்துவிட்டு மல்லுக்கு நின்றிருக்கிறேன். தொண்ணூறைத் தாண்டிய ஓரத்தில் எந்தப் பலசாலி அடித்தாலும் விரிசல் வெளியே வர வழியில்லை. உருண்டைக் கூழாங்கல்லில் ஆரம்பிப்பது கஷ்டமாக இருப்பதும் இதனால்தான். எங்கே தொட்டாலும் வளைவு, கோணமே இல்லை. ஒருபக்கம் தட்டையாகச் சரிந்த கல்லாகப் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டடைக்கல் மேல் நிறுத்தி, பாக்கு உடைப்பதுபோல் மேலிருந்து ஒரே போடு போட்டு இரண்டாகப் பிளந்துகொள்ள வேண்டும். பிளந்த முகம் மேல்தளம் ஆகிவிடும்.

அன்றைக்கு மட்டும் 11 செதில். அதில் ஒன்றுதான் ஆரம்பத்தில் சொன்ன தையல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இடது கைக்குத் தோல் கையுறை, கண்ணுக்கு வேலையில் போடுகிற கண்ணாடி, தொடைமேல் மூன்று மடிப்புப் பழைய தோல் என்று ஒழுங்குக்கு வந்தேன். செருப்புக்குப் பதில் ஷூ. இதையெல்லாம் விட முக்கியம் தூசு. கல்லிலிருந்து கிளம்பும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் போகவே போகாது. குஜராத்தில் காம்பத் ஊரில் அகேட் கல் தேய்க்கிற தொழிலாளர்கள் எத்தனையோ பேர் சிலிகோசிஸ் வந்து மாய்ந்திருக்கிறார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அவர்களுக்கு அது தினக்கூலி. ஆகவே திறந்தவெளி, காற்று முதுகுக்குப் பின்னால், நல்ல முகமூடி, தரையில் தார்ப்பாய், முடித்ததும் தண்ணீர் தெளித்துத்தான் கூட்டுவது. கல்லைக் கல்லில் உரசும்போது ஈரமாகவே உரசுகிறேன். குழந்தைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் மேற்பார்வை.

ஐந்திலிருந்து பத்தாம் ஞாயிறு வரை நான் வீணாக்கியதற்கு வீடியோக்கள் காரணம். குறை சொல்லவில்லை, அருமையாகச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது எரிமலைக் கண்ணாடி, இல்லாவிட்டால் ஐரோப்பாவின் சிக்கிமுக்கிக் கல். அவை வெண்ணெய் மாதிரி. விளிம்புக்கு மிக அருகில், லேசாக, மான்கொம்பால் தட்டினால் நீளமாகச் செதில் உரிகிறது. அதையே நம் குவார்ட்சைட்டில் செய்தால் விளிம்பு நொறுங்கி, மழுங்கி, அந்தப் பக்கமே செத்துப்போகிறது. மான்கொம்பு வேறு இங்கே பேச்சுக்கே இடமில்லை: 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்பாக இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். காம்பத்தில் மணி செய்கிறவர்கள் எருமைக்கொம்புச் சுத்தியல் வைத்திருப்பார்கள். தரையில் நட்ட இரும்பு முளையின் கூரில் கல்லை அணைத்துப் பிடித்து, மறுபக்கம் கொம்பால் தட்டினால், செதில் முளைப் பக்கம் தெறிக்கும். ஒரு மாட்டுக்கொம்பு சம்பாதித்து, கடப்பாரையை நட்டு அதையும் முயன்றேன். அகேட் துண்டில் அழகாக வந்தது. குவார்ட்சைட் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் நானாகப் பிடித்துக்கொண்டது இது. குவார்ட்சைட்டுக்குக் கனமான சுத்தியல் கல் வேண்டும். நான் 700, 800 கிராமில் நிலைத்தேன், முட்டை வடிவம், முனை சற்றே கூர். விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி அடிக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். உள்ளே தள்ளி அடித்தால் செதில் தடிமனாக வரும், வரட்டும். அடிப்பதற்கு முன் விளிம்பில் துருத்தி நிற்கிற மெல்லிய உதட்டை ஒரு சொரசொரப்பான கல்லால் உரசித் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியின் வேகமெல்லாம் அந்த உதட்டை நொறுக்குவதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் வேகம். தோளிலிருந்து ஓங்குவது கூடாது. முழங்கையை மடித்து, சுத்தியலின் கனத்தையே விழவிட்டு, பட்ட பிறகும் கையை நிறுத்தாமல் கீழே போகவிட வேண்டும். பெரியவர் சொன்னதுதான். சரியான அடி விழுந்தால் சத்தமே வேறு. 'டொக்' இல்லை, 'சட்' என்று காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. செதில் உடனே விழக்கூட விழாது. தொடைத் தோலுக்கும் கல்லுக்கும் நடுவில் அப்படியே ஒட்டி நிற்கும். கல்லைத் தூக்கினால்தான் கையில் வரும்.

நடுவில் ஒரு வாரம் மாறுதலுக்காகப் பாட்டில் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு விளையாடினேன். எலக்ட்ரிகல் கடையில் தடித்த செம்புக் கம்பி வாங்கி, உளிப்பிடியில் செருகி, உள்ளங்கையில் டயர் டியூபை வைத்துக் கண்ணாடியின் ஓரத்தை அழுத்தி அழுத்திப் பெயர்ப்பது. ஒரே மாலையில் அம்புமுனை தயார். மகளுக்கு அதுதான் பிடித்தது. பீங்கான் இன்சுலேட்டர் துண்டிலும் நன்றாக வருகிறது. தேரிக்காட்டுப் பக்கம் கிடைக்கிற நுண்கற்கருவிகள் இந்த மாதிரி நைசான வேலைதான், ஆனால் செர்ட் என்கிற நைசான சிலிக்காக் கல்லிலும் வெங்கச்சங்கல்லிலும். அது தனிக் கலை. இங்கே விட்டுவிடுகிறேன்.

கைக்கோடரிக்கு வருவோம். தத்துவம் எளிது: ஒரு ஓரத்தில் அடித்துச் செதில் எடு, கல்லைத் திருப்பு, இப்போது விழுந்த பள்ளத்தையே மேல்தளமாக வைத்து மறுபக்கம் அடி, மறுபடி திருப்பு. ஓரம் பாம்பு போல நெளிந்துகொண்டு போகும். சுற்றிவந்தால் இருபக்கமும் செதுக்கிய கருவி. ஆனால் கூழாங்கல்லில் ஆரம்பித்தால் ஓரம் ஓரமாகக் கரைந்து அகலம் குறைகிறதே தவிர நடுத் தடிமன் குறைவதில்லை. பதினைந்தாம் ஞாயிறு வரை நான் செய்ததெல்லாம் கைக்கோடரி இல்லை, கொழுக்கட்டை.

எதனால் என்றால், நடுவில் ஒரு மேடு. செதில் பாதி தூரம் போய் வலுவிழந்து படி மாதிரி ஒடிந்து நிற்கும். அடுத்த செதில் அதே படியில் முட்டி ஒடியும். மூன்றாவது முட்டும்போது அங்கே ஒரு சுவரே எழுந்துவிடும். அந்தச் சுவரை அதே பக்கத்திலிருந்து உடைக்கவே முடியாது. எதிர்ப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு செதிலை ஓட்டி, அடியோடு வாரிக்கொண்டு வர வேண்டும். சொல்லும்போது சுலபம்.

16-ஆம் ஞாயிறு. இருந்ததிலேயே நல்ல கல், இளஞ்சிவப்பு. மூன்று மணி நேரம் பொறுமையாகச் செதுக்கி, மேட்டையும் பாதி வாரிவிட்டேன். நுனி இலை மாதிரி இறங்கியிருந்தது. அடிப்பக்கம் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. அங்கே ஒரே ஒரு அடி. 'சட்'டுக்குப் பதிலாக 'ணங்' என்றது. அடித்த இடத்தில் ஒன்றுமே ஆகவில்லை. கல் நட்டநடுவில் குறுக்காக இரண்டாகிவிட்டது. கையில் ஒரு பாதி, தார்ப்பாயில் ஒரு பாதி. காரணம் அப்புறம்தான் விளங்கியது: நீளமான மெல்லிய கல்லின் ஒரு முனையில் அடித்தால் அதிர்வு மறுமுனை வரை ஓடும். அந்த முனை அந்தரத்தில் தொங்கினால் சாட்டை மாதிரி உதறி நடுவில் ஒடித்துவிடும். தொடையோடு அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். லேத்தில் நீளமான கம்பியை ஸ்டெடி ரெஸ்ட் என்கிற தாங்கி இல்லாமல் கடைந்தால் அதிரும் என்று பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு நானே பாடம் நடத்துகிறவன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மகள் இரண்டு பாதியையும் ஃபெவிகால் போட்டு ஒட்டித் தரட்டுமா என்று ஜன்னலிலிருந்து கேட்டாள்.

அடுத்த வாரம் கல்லைத் தொடவில்லை. தனியாகப் பூண்டிக்குப் போனேன். இந்த முறை ஒரு பெட்டிமுன் நின்றுவிட்டேன். இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, பல கருவிகள் கூழாங்கல்லில் ஆரம்பித்தவையே அல்ல. ஒரு பெரும் பாறைத் துண்டிலிருந்து உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு செதிலைப் பெயர்த்து, அந்தச் செதிலைச் செதுக்கியிருக்கிறார்கள். செதில் என்பதால் முதலிலேயே மெலிசு; ஓரமும் கூர். நான் வாரக்கணக்கில் குறைக்கப் போராடிய தடிமனை அவர்கள் முதல் அடியிலேயே தாண்டிவிட்டார்கள். பிளப்பான்கள் என்று வைத்திருப்பவற்றில் அந்தச் செதிலின் இயற்கையான ஓரத்தையே வாயாக விட்டிருக்கிறார்கள், அதில் ஒரு அடிகூடப் போடவில்லை. இரண்டாவது விஷயம், ஓரமாக இருந்த ஒரு கைக்கோடரி. அதன் நடுவில் மேடு. ஒரே பக்கத்திலிருந்து வந்த மூன்று செதில்கள் மேட்டில் முட்டிப் படிபடியாக ஒடிந்திருந்தன. அதைச் செய்தவர் எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒன்று முயன்றிருக்கிறார், அதுவும் சேரவில்லை. அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு நுனியை மட்டும் கூராக்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்சரிக்காரரிடம் ஒன்பது கிலோ எடையில் ஒரு பெரிய உருட்டுக்கல் இருந்தது. அதைத் தரையில் சாய்த்து வைத்து, நாலு கிலோக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு போட்டேன். முதல் மூன்று போடும் தழும்பு. நாலாவதில் நிலம் அதிர 19 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு செதில், தேங்காய் பத்தை மாதிரி சரிந்தது. இந்த வேலைக்குப் பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது, காலில் கனமான ஷூ கட்டாயம். அப்படி ஐந்து செதில் தேறியது. இரண்டு பிளப்பான்களாயின, ஓரங்களை மட்டும் கைக்கு வாகாகத் தட்டினால் போதுமாயிருந்தது. ஒன்று ஒடிந்தது. ஒன்றில் உள்ளே ஓடிய பழைய விரிசல். ஐந்தாவது, 22-ஆம் ஞாயிறு, இரண்டே மணி நேரத்தில் கைக்கோடரி ஆனது. 14.5 சென்டிமீட்டர் நீளம், 8.7 அகலம், 4.1 தடிமன், 610 கிராம். ஒரு ஓரம் கொஞ்சம் அலை அடிக்கிறது. பின்பக்கம் சின்னதாக ஒரு மேடும் உண்டு. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒன்று முயன்றேன், சேரவில்லை. விட்டுவிட்டேன்.

வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குச் சாதாரணச் செதில்களே போதும். தோலையும் மூட்டையும் அறுப்பதில் சமையலறைக் கத்திக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. எலும்பில் பட்டால் மட்டும் ஓரம் பொடிந்து கல்துகள் கறியில் சேர்கிறது, நன்றாகக் கழுவ வேண்டும். வாழைத்தண்டு ஒரே இழுப்பு. மூங்கிலைச் செதுக்க, பின்பக்கம் சற்று வளைந்த செதில்தான் வாகு. கயிற்றுக்கு, ரம்பப் பல் போல லேசாக நொறுங்கிய ஓரம் புதுக் கூரைவிட நன்றாகப் பிடிக்கிறது. கைக்கோடரியால் இளநீர் சீவ ஐந்து நிமிஷம் ஆனது. இளநீர்க்காரர் மூன்று வெட்டில் முடிக்கிற வேலை. ஆனால் அவர் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, சாணை பிடிக்கவே வேணாம் போல" என்றார். உண்மையில் பிடிக்கலாம், மழுங்கினால் ஓரமாக இரண்டு தட்டு, புது ஓரம்.

செய்த ஒவ்வொன்றின் மேலும் டைமண்ட் முனையால் தேதியையும் என் எழுத்தையும் பொறித்திருக்கிறேன். இதில் சோம்பல் படக்கூடாது. நாளைக்கு நான் இல்லாதபோது வீட்டைக் காலிசெய்கிறவர்கள் இதைக் கொல்லையில் எறிந்தால், திருவள்ளூர் மாவட்டத்தில் இப்படி ஒரு கல் கிடைப்பது எத்தனை பேரைக் குழப்பும்!

கருவிக்குச் சரி, கழிவுக்கு என்ன செய்வது? எழுபது கிலோ கல் வாங்கியதில் அறுபது கிலோவுக்கு மேல் சில்லும் தூளுமாக அரிசிச் சாக்கில் நின்றது. வெளிநாட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் கழிவைப் புதைக்கும்போது கூடவே ஒரு நாணயம் போட்டுப் புதைப்பார்கள், தோண்டுகிறவருக்குக் காலம் தெரியட்டும் என்று. எனக்கு நாணயம் மட்டும் போதும் என்று தோன்றவில்லை. நல்லவேளையாக அந்த மாதம் வாசல்படி இடிந்து கான்கிரீட் போட ஆள் வந்தார்கள். சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஜல்லியோடு கலக்கச் சொன்னேன். மேஸ்திரி ஒரு பிடி அள்ளினார், உடனே கையை உதறினார்.

"எந்த கிரஷர்ல சார் வாங்கினீங்க இத? பிளேடு மாதிரி இருக்கு."

உள்ளே போய்க் கையுறை எடுத்துவந்து கொடுத்தேன். படி காய்வதற்குள் மகள் ஒரு குச்சியால் அதில் வருஷத்தை எழுதிவைத்தாள்.